கேட்காமல் தோண்டாதே

சரளைப் பாதையில் ஒரு வேன் திரும்பும் சத்தம் கேட்டபோது கிளைவ் பாஸ்கோவின் வலது கையில் ஒரு தங்கச் சவரன் காசு இருந்தது. இடது கையில் மண்வாரி இருந்தது. காலடியில் குழி இருந்தது. அனுமதி மட்டும் இல்லை.

வேறு யாராவது என்றால் போகட்டும் என்று விடலாம். பாஸ்கோ அந்த வட்டாரத்து மெட்டல் டிடெக்டர் சங்கத்தின் தலைவர். பழைய வீட்டுத் தோட்டங்களில் கருவியை ஆட்டிக்கொண்டு, மண்ணுக்கடியில் கிடக்கும் காசுகளைத் தேடி அலைகிறவர்களின் சங்கம் அது. ‘கேட்காமல் தோண்டாதே’ என்ற முதல் விதியை எழுதியவரே அவர்தான். பாதிரியார் வீட்டுப் பின்பக்கம் சொல்லாமல் தோண்டினார் என்பதற்காக ஊர்க் கசாப்புக் கடைக்காரரை சங்கத்திலிருந்து நீக்கியவரும் அவர்தான். நீக்கியதோடு விடாமல், நாணயம் என்ற சொல்லுக்குக் காசு என்று மட்டும் அர்த்தமில்லை என்று நெடுநேரம் பேசவும் செய்தார்.

ஓய்வு பெறும்வரை அவருக்குக் கோர்ட்டில் குமாஸ்தா உத்தியோகம். சாட்சி சொல்ல ஏறுகிறவர்களிடம் பைபிளை நீட்டி, சொல்வதெல்லாம் உண்மை என்று சத்தியம் வாங்குகிற வேலை. அடுத்தவர்களின் பொய்யைக் கேட்டுக் கேட்டே காலம் ஓடிவிட்டதால் சொந்தமாக ஒரு பொய் சொல்லிப் பழக அவருக்கு வாய்ப்பே கிடைக்கவில்லை.

அப்படிப்பட்டவரைச் சரித்தது கேரிக் வீடு. டன்மோர் க்ரீக் என்ற அந்த ஊரில் தங்கம் கொழித்த காலத்தில் ஒரு சுரங்க மேனேஜர் கட்டிய வீடு அது. வாசலில் கிழட்டு பெப்பர்கார்ன் மரம் ஒன்று. அந்தக் காலத்தில் வருகிறவர் போகிறவரெல்லாம் குதிரையைக் கட்டிய இடம். குதிரையிலிருந்து இறங்குகிறவன் சட்டைப் பையிலிருந்து காசு உதிரும் என்பது சங்கத்தில் பச்சைப் பிள்ளைக்கும் தெரியும். வீட்டை மெல்பர்னில் இருக்கும் ஃபேர்லி என்ற பல் டாக்டர் வாங்கியிருந்தார். மேஜை நாற்காலிகள் லாரியில் வந்து இறங்கினவே தவிர, டாக்டரை இன்னும் ஊரில் யாரும் கண்ணால் கண்டதில்லை.

பாஸ்கோ ஞாயிறு தவறாமல் போய்க் கதவைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். இந்த ஞாயிறும் அதற்குத்தான் கிளம்பினார். கதவைத் தட்டப் போகிறவர்களுக்கு அந்தக் கருவி எதற்கு என்று மனைவி நோரீன் கேட்டாள். அவர் அதற்குள் வாசலைத் தாண்டியிருந்தார்.

கதவு திறக்கவில்லை. திரும்பி வரும்போது மரத்தடியில் கருவியைச் சும்மா ஆட்டிப் பார்த்தார். விதியில் ‘கேட்காமல்’ என்றுதானே இருக்கிறது, காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு நாம் கேட்கத்தானே செய்கிறோம் என்று மனசுக்குள் ஒரு வக்கீல் எழுந்து வாதாடினான். அப்போது பார்த்து ஹெட்போனில் மணி மாதிரி ஒரு சத்தம். பீர் பாட்டில் மூடிகளையும் செப்புப் பென்னிக் காசுகளையும் தவிர எதையும் அறியாத அவருடைய காது, அப்படி ஒரு சத்தத்தை அதுவரை கேட்டதில்லை. புல்லைத் தட்டு மாதிரி அறுத்து எடுத்தார். ஒரு சாண் ஆழத்தில் விக்டோரியா மகாராணியின் முகம் மஞ்சளாகச் சிரித்தது.

வேன் வந்தது அப்போதுதான்.

கருவியைத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் வீசினார். சவரனைக் கால்சட்டைப் பையில் போட்டிருக்கலாம். ஆனால் அங்கே சாவிக்கொத்து இருந்தது. நூற்றைம்பது வருஷம் கீறல் படாமல் கிடந்த மகாராணியின் கன்னத்தில் நம்மால் கீறல் விழலாமா என்று அந்தப் பதற்றத்திலும் அவருக்குத் தோன்றியது. வாயில் போட்டுக் கன்னத்தில் அடக்கிக்கொண்டார்.

வேனிலிருந்து இஸ்திரி போட்ட சட்டையோடு ஒருவரும், கறுப்புக் கண்ணாடி போட்ட ஒரு பெண்ணும் இறங்கினார்கள். மரத்தடியில் ஆள் நிற்பதைக் கண்டு இருவரும் அப்படியே நின்றுவிட்டார்கள்.

“யார் நீங்க?” என்றார் அந்த மனிதர்.

“தோத்தக்காரன்” என்றார் பாஸ்கோ. சவரன் நாக்கை மடக்க விடவில்லை. “நீங்க தாக்தர் ஃபேர்லிங்களா?”

அந்த மனிதர் பெண்ணைப் பார்த்தார். பெண் அவரைப் பார்த்தாள்.

“ஆமா. ஃபேர்லிதான்.”

“கன்னம் ஏன் இப்படி வீங்கியிருக்கு?” என்று பெண் கேட்டாள்.

பல்வலி என்று சொல்லிவிட்டார் பாஸ்கோ. சொன்ன பிறகுதான் யாரிடம் சொல்லிவிட்டோம் என்பது உறைத்தது. பல் டாக்டர் வாயைத் திறக்கச் சொன்னால் தீர்ந்தது கதை.

டாக்டர் அந்தக் கன்னத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். “பல்லுதானே. ரெண்டு நாள்ல தானா சரியாப் போயிடும்” என்றார்.

பாஸ்கோவுக்குக் கும்பிட வேண்டும் போல இருந்தது. லீவு நாளில் அடுத்தவன் வாயில் கையை விட்டுக் காசு பார்க்க நினைக்காத பெருந்தன்மை எத்தனை டாக்டர்களுக்கு வரும்?

குழி எதற்கு என்று கேட்டார்கள். எலுமிச்சை வைக்க என்றார். எலுமிச்சைக் கன்று எங்கே என்றார்கள். முதலில் குழி காற்றாட வேண்டும் என்றார். பொய் இவ்வளவு சுலபமாக வருவதைக் கண்டு அவருக்கே பயமாக இருந்தது.

இனி அவருக்கு வேண்டியதெல்லாம் ஒன்றுதான். இவர்கள் உள்ளே போக வேண்டும், தொட்டிக்குப் பின்னால் கிடக்கும் கருவியை எடுத்துக்கொண்டு ஓட வேண்டும். ஆனால் அவர்கள் உள்ளே போகவில்லை. கதவைத் தள்ளிப் பார்த்தார்கள், வீட்டைச் சுற்றினார்கள், வராந்தாவில் வந்து நின்றார்கள். சாவியை மெல்பர்னிலேயே வைத்துவிட்டு வந்துவிட்டதாக டாக்டர் சலித்துக்கொண்டார்.

இவர்கள் வெளியே நிற்கிற வரைக்கும் தனக்கு விடிவில்லை என்று பாஸ்கோவுக்குப் புரிந்தது. அந்தக் காலத்து வீடுகளின் சலவை அறை ஜன்னல் எப்படிப்பட்டது என்று அவருக்குத் தெரியும். பின்பக்கம் போய் மண்வாரியின் நுனியைச் சட்டத்துக்கு அடியில் கொடுத்து நெம்பினார். கொக்கி கழன்றது. அந்த வயதில் ஜன்னலேறிக் குதித்து, முழங்காலைச் சிராய்த்துக்கொண்டு, உள்ளிருந்து வாசல் கதவைத் திறந்து, “வாங்க தாக்தர்” என்று கல்யாண வீட்டுக்காரர் மாதிரி வரவேற்றார்.

அந்தப் பெண் முகத்தில் அப்படி ஒரு மரியாதை.

நன்றி சொல்லிவிட்டு உள்ளே போவார்கள் என்று பார்த்தால், டாக்டர் இவர் தோளில் கையைப் போட்டார். தரைப்பலகையெல்லாம் கரையான் பிடித்துவிட்டதாம். நாளைக்கு ஆசாரிகள் வருகிறார்களாம். அதற்குள் சாமான்களைக் கொண்டுபோய் பெண்டிகோ நகரத்தில் ஒரு கிடங்கில் வைக்க வேண்டுமாம். “பெரியவரே, ஒரு கை பிடிச்சீங்கன்னா நல்லாயிருக்கும்” என்றார்.

முதலாளி கேட்கும்போது தோட்டக்காரன் மாட்டேன் என்று சொல்வானா? அதுவுமில்லாமல், வாயில் இருக்கும் பாவத்துக்கு முதுகு கொஞ்சம் வலித்தால் சரியாகப் போகும் என்றும் அவருக்குப் பட்டது.

ஒரு கை பிடிக்கப் போனவர், சீக்கிரமே இரண்டு கையாலும் நடத்திக் கொடுக்க ஆரம்பித்தார். காரணம், பழைய பொருள் என்றால் அவருக்கு உயிர். டாக்டரும் அந்தப் பெண்ணும் சீடார் மர அலமாரியைத் தரையோடு இழுத்ததைப் பார்த்ததும் அவருக்குப் பொறுக்கவில்லை. இழுக்காதீங்க, தூக்குங்க என்று அதட்டினார். வெள்ளிக் கரண்டிகளை அந்தப் பெண் ஒரு தலையணை உறையில் கொட்டியிருந்தாள். அவர் அதைப் பிடுங்கி, ஒவ்வொன்றாகத் துடைத்துத் துணியில் சுற்றிக் கொடுத்தார். ஹாலில் மாட்டியிருந்த சின்ன ஓவியத்தை அவர்கள் விட்டுவிட்டார்கள். நேரமாகிறது, அது கிடக்கட்டும் என்றார் டாக்டர். கரையான் முதலில் படச்சட்டத்தைத்தான் தின்னும் என்று சொல்லி, பாஸ்கோவே ஸ்டூல் போட்டு ஏறிக் கழற்றினார்.

ஆளுயரக் கடிகாரத்தின் தலைப்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வரும்போதுதான் எதிர்வீட்டு ஐல்சாவைப் பார்த்தார். பூச்செடிக்குத் தண்ணீர் விடுகிற குவளையோடு அவள் இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். ஐல்சா அவருக்குப் பள்ளிக்கூடக் காலத்திலிருந்து பழக்கம். அவள் வேலியோரம் வந்து, என்ன கிளைவ், எப்போதிலிருந்து இந்த வேலை என்று ஒரு வார்த்தை கேட்டால் மானம் கப்பலேறிவிடும். கடிகாரத்தைத் தோளில் சாய்த்துக்கொண்டு, ஒரு கையை உயர்த்திப் பலமாக ஆட்டினார். எல்லாம் சரியாக நடக்கிறது, நீ அங்கேயே இரு என்று அதற்கு அர்த்தம். ஐல்சாவும் கையை ஆட்டிவிட்டு உள்ளே போனாள்.

யார் அது என்று டாக்டர் மெதுவாகக் கேட்டார். ஊரில் ஈ பறந்தாலும் அவளுக்குத் தெரிந்துவிடும், ஆனால் கவலைப்பட வேண்டாம், தான் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார் பாஸ்கோ. அதற்கப்புறம் டாக்டர் இன்னும் வேகமாக வேலை செய்தார்.

எல்லாம் ஏற்றி முடிந்தது. வேனின் பின்கதவைச் சாத்திவிட்டு அந்தப் பெண் ஃப்ளாஸ்கிலிருந்து டீ ஊற்றிக் கொடுத்தாள். வேண்டாம் என்றால் விடவில்லை. இவ்வளவு உதவி செய்த மனுஷரை வெறும் வாயோடு அனுப்புவதா என்றாள். வாய் ஒன்றும் வெறும் வாயாக இல்லை என்பதை அவர் எப்படிச் சொல்வார்? ஒரு மடக்கு குடித்தார். சவரன் வழுக்கித் தொண்டைப் பக்கம் போனது. கண் பிதுங்கியது. டாக்டர் பாய்ந்து வந்து முதுகில் ஓங்கி ஒரு அடி அடித்தார்.

டங்கென்று கோப்பைக்குள் விழுந்தார் மகாராணி.

பாஸ்கோவுக்குக் கண்ணில் நீர் முட்டியது. பாதி இருமலால், பாதி வெட்கத்தால். இதற்கு மேல் மூடி மறைக்க அவரிடம் பொய்யும் இல்லை, தெம்பும் இல்லை.

“டாக்டர், ஒரு உண்மையைச் சொல்லிடறேன். நான் தோட்டக்காரன் இல்ல” என்றார். நாக்கு இப்போது தெளிவாகப் புரண்டது. “நான் கோர்ட்டுல வேலை பார்த்தவன்.”

டாக்டரின் கை வேன் கதவின் கைப்பிடிக்குப் போனது. அந்தப் பெண் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினாள்.

“இந்த வீட்டுல ஒரு திருட்டு நடந்திருக்கு” என்றார் பாஸ்கோ. “எல்லாம் தெரிஞ்சும் இவ்வளவு நேரம் நான் வாயத் திறக்கல.”

“என்ன தெரியும்?” என்று கேட்டார் டாக்டர்.

“திருடினவன் நான்தான்.”

அவர் எல்லாவற்றையும் சொன்னார். சங்கம், விதி, கசாப்புக் கடைக்காரர், மரம், குழி, தொட்டிக்குப் பின்னால் கிடக்கும் கருவி, ஒன்று விடவில்லை. கேட்டுக்கொண்டிருந்த டாக்டர் வேன் படியில் உட்கார்ந்துவிட்டார். முதலில் தோள் குலுங்கியது, பிறகு வயிறு. சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்தப் பெண் வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

சிரிப்பு அடங்கியதும் டாக்டர் எழுந்து, கோப்பையிலிருந்த சவரனை எடுத்துத் துடைத்துத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். “பாருங்க பெரியவரே, அடுத்தவங்க பொருளைக் கேக்காம தொடறது தப்பு. உங்க வயசுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல” என்றார்.

பாஸ்கோ தலையைக் குனிந்துகொண்டார்.

“ஆனா உண்மையை ஒத்துக்கிட்டீங்க பாருங்க, அதுக்காக விடறேன். நாளையிலருந்து இந்தத் தோட்டத்துல எங்க வேணா தோண்டிக்குங்க. யார் கேட்டாலும் நான் சொன்னேன்னு சொல்லுங்க.”

வேன் கிளம்பிப் போனது. சாலை வளைவில் மறையும்வரை பாஸ்கோ கையை ஆட்டிக்கொண்டே நின்றார். அப்புறம் குழியை மூடி, புல்லைத் தடவி, சலவை அறை ஜன்னலைக்கூடப் பழையபடி சாத்திவிட்டு, கருவியை எடுத்துக்கொண்டு வீட்டுக்குத் திரும்பினார். முதுகு விட்டுப்போயிருந்தது. மனசு மட்டும் பஞ்சாக இருந்தது. நடந்ததையெல்லாம் நோரீனிடம் சொன்னார். இந்தக் காலத்தில் இப்படியும் ஒரு மனுஷரா என்று அவளும் உருகினாள். அவர் அடுத்த முறை வரும்போது ஒரு கேக் செய்து கொடுக்க வேண்டும் என்றாள்.

மறுநாள் காலையில் பாஸ்கோ காரை எடுக்கவில்லை. கருவியைத் துப்பாக்கி மாதிரி தோளில் சாய்த்துக்கொண்டு, நாலு பேர் பார்க்கட்டும் என்று கடைத்தெரு வழியாகவே நடந்து போனார். கசாப்புக் கடை வாசலில் கொஞ்சம் மெதுவாகவும் நடந்தார். எங்கே என்று கேட்டவர்களுக்கெல்லாம், கேரிக் வீட்டுக்கு, டாக்டரே தோண்டச் சொல்லியிருக்கிறார் என்றார்.

வீட்டு வாசலில் ஐல்சா நின்றுகொண்டிருந்தாள். பக்கத்தில் நரைத்த தலையோடு உயரமான ஒருவர், பேயறைந்த மாதிரி திறந்த கதவுக்குள் பார்த்துக்கொண்டிருந்தார். கரையான் வேலைக்கு வந்த ஆசாரி என்று நினைத்த பாஸ்கோ, அவருக்கு ஒரு வணக்கம் வைத்துவிட்டு மரத்தடிக்குத் திரும்பினார்.

“நல்ல நேரத்துல வந்தே கிளைவ்” என்றாள் ஐல்சா. “இவர்தான் டாக்டர் ஃபேர்லி, இப்பதான் மெல்பர்ன்லருந்து வந்து இறங்கறார். போலீஸைக் கூப்பிடணும்னு குதிக்கிறார். எதுக்குங்க போலீஸு, சாமானெல்லாம் எங்க போச்சுன்னு நம்ம கிளைவுக்குத் தெரியும், நேத்து அவன்தானே கூட நின்னு ஏத்தி அனுப்பினான்னு இப்பதான் சொல்லிட்டிருந்தேன்.”