கோல் வாசலில் ராஜா

இந்தக் காலத்து ஜனங்கள் எதையும் பார்ப்பதில்லை. பார்க்க வந்த பொருளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்று, கையை நீட்டித் தங்கள் மூஞ்சியைத் தாங்களே படம் பிடித்துக்கொண்டு போய்விடுகிறார்கள். மூஞ்சி வீட்டிலேயே இருக்கிறது. அதற்கு எதற்கு டிக்கெட் வாங்கி அருங்காட்சியகம் வரவேண்டும்? வந்ததுதான் வந்தார்கள், சும்மாவாவது போகிறார்களா? வாயில் மென்ற சூயிங்கத்தைக் கண்ணாடியில் ஒட்டிவிட்டுப் போகிறார்கள்.

அப்படி ஒட்டியிருந்த ஒரு சூயிங்கத்தைச் சுரண்டப் போய்த்தான் காவலாளி 'சந்தேகம்' அன்றைக்கு இரண்டு சேனைகளைக் கவிழ்த்தார்.

சந்தேகம் என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை, அலுவலகம் வைத்தது. ராஜாவின் வாள் என்று எழுதி வைத்திருந்தால், "யாரு கண்டா? வெங்காயம்கூட நறுக்காது போல இருக்கு" என்பார். ராணியின் நாற்காலி என்றால், "அவ உக்காந்ததை நீ பாத்தியா?" என்பார். தனக்குள் சொல்லிக்கொண்டால் பரவாயில்லை. டிக்கெட் வாங்கி வந்தவர்களிடமே சொல்வார். போன வாரம்தான் அதிகாரியம்மா கூப்பிட்டு, "பெரியவரே, இன்னொரு புகார் வரட்டும், அன்னைக்கே உங்களுக்குப் பெரிய கும்பிடு" என்று சொல்லியிருந்தார்.

வீட்டில் சொன்னபோது மனைவி இன்னும் சுருக்கமாக முடித்துவிட்டாள். "வேலை போச்சுன்னா பகல் முழுக்க என் கண்ணு முன்னால உக்காந்திருக்கலாம்னு மட்டும் நெனைக்காதீங்க."

ஆக, இந்த உலகத்தில் அவர் நிம்மதியாக உட்கார மிச்சமிருந்த ஒரே இடம், போர் அறையின் மூலையில் கிடந்த முக்காலிதான்.

போர் அறையின் நடுவில் பெரிய மேஜை. மேஜை மேல் கண்ணாடிப் பெட்டி. உள்ளே மண்ணால் ஒரு கோட்டை, கோட்டைக்கு முன்னால் மைதானம். அதில் ஒரு பக்கம் ராஜாவின் சேனை, மறுபக்கம் சிவப்புச் சட்டை போட்ட வெள்ளைக்காரன் சேனை. எல்லாம் விரல் நீளப் பொம்மைகள். சூயிங்கம் பெட்டியின் மூடி இடுக்கில் ஒட்டியிருந்தது. மூடியைத் தூக்கினால்தான் சுரண்ட முடியும்.

வராந்தாவைத் துடைத்துக்கொண்டிருந்த அம்மாள் எட்டிப் பார்த்தாள். "அண்ணே, தோள்ல துண்டோட அதுகிட்டப் போகாதீங்க. அந்தக் குதிரைக்காரன் ஈட்டி துணியைப் பிடிச்சு இழுக்கும்."

"பொம்மை எங்கேம்மா இழுக்கும்? போய் வாளியைப் பாரு."

மூடியைத் தூக்கினார், குனிந்தார், சுரண்டினார், நிமிர்ந்தார். துண்டின் நூலில் ஈட்டி மாட்டியிருந்தது. ஈட்டியோடு குதிரை வந்தது, குதிரையோடு பக்கத்து வரிசை வந்தது. எத்தனையோ காலமாக முறைத்துக்கொண்டு நின்ற இரண்டு சேனையும் ஒரே இழுப்பில் சமாதானமாகப் படுத்துவிட்டன.

சந்தேகத்துக்கு வியர்த்தது. திருப்பி அடுக்கலாம்தான். ஆனால் எது எங்கே இருந்தது? அவர் அந்தப் போரை ஒரு நாளும் நம்பியதில்லை. நம்பாத பொருளை எவன் உற்றுப் பார்ப்பான்? அதுவும் இன்றைக்குப் பார்த்துத்தான், இந்தப் போரைப் பற்றிப் பெரிய புத்தகம் எழுதிய பேராசிரியர் சாப்பாட்டுக்கு மேல் வருவதாக இருந்தது.

பக்கத்து அறைக்கு ஓடினார். காலையில் போர் அறையில் படம் பிடித்த இளம் ஜோடி அங்கே ராணியின் நாற்காலிக்கு முதுகைக் காட்டிக்கொண்டிருந்தது.

"தம்பி, அந்தப் பொம்மை மேஜைகிட்ட போட்டோ எடுத்தீங்களே, கொஞ்சம் காட்டுப்பா."

பையன் ஆசையாகக் காட்டினான். அவன் மூஞ்சி, அவள் மூஞ்சி. அவள் மூஞ்சி, அவன் மூஞ்சி. கடைசிப் படத்தில் இரண்டு காதுகளுக்கு நடுவில் ஒரு குதிரை வால் தெரிந்தது.

"இந்த வாலுக்குப் பக்கத்துல என்ன இருந்துச்சு?"

"எங்க காதுதான், தாத்தா."

அச்சடித்த கையேட்டைப் புரட்டினார். அதில் அதிகாரியம்மா நாடா வெட்டிக்கொண்டிருந்தார். சுவரில் பலகை இருந்தது: 'படிமுறை அணிவகுப்பில் முன்னணித் தலைமை.' இரண்டு தடவை எழுத்துக்கூட்டினார். வாய்தான் வலித்தது.

சரி, நமக்குத் தெரிந்ததை வைத்து அடுக்குவோம் என்று உட்கார்ந்தார். அவருக்குத் தெரிந்த மைதானம் ஒன்றுதான். வாலிபத்தில் அவர் ஆலைக் கால்பந்து டீமில் கோல் காக்கிற கோலி. கோட்டை வாசலைப் பார்த்தார். அச்சு அசல் கோல் போஸ்ட். தலையில் கிரீடம் வைத்த ராஜா பொம்மையை எடுத்து அதில் நிறுத்தினார். மற்ற பொம்மைகளைவிட ராஜா ரொம்பக் குட்டை. 'இருக்கட்டும், நானும் குட்டைதான். குனிஞ்சு பிடிக்கத் தோது' என்று நினைத்துக்கொண்டார். ராஜாவுக்கு முன்னால் தடியான இரண்டு பேர் தடுப்பாட்டம். இரண்டு ஓரத்திலும் குதிரைகள். முழங்காலிட்டிருந்தவர்கள் பந்துக்குக் குனிகிறவர்கள். முரசு அடிக்கிறவனை நட்டநடுவில் ரெஃப்ரியாக வைத்தார். கால் ஒடிந்த ஒருவன் மட்டும் நிற்க மாட்டேன் என்றான். அவனை ஓரமாகப் படுக்கவைத்தார். காயம்.

மூடியைச் சாத்தினார். கம்பெனிச் சுற்றுலாக் கூட்டம் ஒன்று உள்ளே வந்தது.

கணக்குப் பிரிவு அம்மாள் ஒருத்தி மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பலகையைப் படித்தாள், மேஜையைப் பார்த்தாள். "ஏங்க, ராஜா முதல் வரிசையில நின்னாருன்னு எழுதியிருக்கு. இங்க வாசல்ல நிக்கிறாரே?"

புகார் வந்துவிட்டது என்று சந்தேகம் நினைத்து முடிப்பதற்குள் வாய் முந்திக்கொண்டது.

"அது முதல் பாதிம்மா. இது ரெண்டாம் பாதி."

"என்னது?"

சொன்ன பிறகு விழுங்க முடியுமா? "வெள்ளைக்காரன் முதல் பாதியில ரெண்டு கோல் போட்டுட்டான். கோலி ஓடிப்போயிட்டான். ராஜா என்ன பண்ணுவாரு? கிரீடத்தைச் சரி பண்ணிக்கிட்டு அவரே வாசல்ல நின்னுட்டாரு."

கூட்டம் நெருங்கியது. செல்போன்கள் இறங்கின. அன்றைக்குத்தான் முதல் தடவையாக அந்த மேஜைக்கு ஜனங்கள் முகத்தைக் காட்டினார்கள்.

ஸ்டோர்ஸ் பிரிவுக்காரர் ஒருவர் கேட்டார், "பெரியவரே, சிவப்புச் சட்டையிலயும் பாதிப் பேரு நம்ம நிறமால்ல இருக்கான்?"

"பாதியா? கேப்டனும் அவன் குதிரையும்தான் வெள்ளை. மத்தவன் பூரா நம்ம ஆளு. சம்பளத்துக்கு ஆட வந்தவன்."

"அப்ப நாங்க சிவப்புச் சட்டை."

"ஏன் சார்?"

"கணக்குப் பிரிவு ராஜா பக்கம் நிக்குதே. அவங்க எந்தப் பக்கமோ, அதுக்கு எதிர்ப்பக்கம்தான் நாங்க. எங்க பில் எல்லாத்தையும் நிறுத்தி வச்சிருக்காங்க!"

"இப்படித்தான்யா வெள்ளைக்காரனுக்கு ஆள் கெடைச்சுது" என்றார் சந்தேகம்.

சிரிப்பில் கண்ணாடி அதிர்ந்தது. அதற்குப் பிறகு அவரைப் பிடிக்க முடியவில்லை. "மழை வந்துச்சு, வெடிமருந்து நனைஞ்சுச்சு, ஆட்டம் நிறுத்தம். அந்த இடைவேளையில அவன் கப்பல்ல புது ஆட்டக்காரனை இறக்கிட்டான். திருப்பி ஆட்டம். வர்றான் குதிரைக்காரன், ஓரமா வர்றான், அடிச்சான் பீரங்கியை, ராஜா பாய்ஞ்சு பிடிச்சாரு!"

"ஓ!" என்று கணக்குப் பிரிவு குதித்தது.

"குதிக்காதீங்க, கேளுங்க. பின்னால மந்திரி நிக்கிறான். கோட்டைக்குப் பின்கதவு ஒண்ணு இருக்கு. சாவி அவன்கிட்ட. திறந்து விட்டுட்டான். சேம் சைடு கோல்!"

"ரெஃப்ரி என்ன பண்ணான்?" என்று யாரோ கத்தினார்கள்.

"ரெஃப்ரியும் அவன் ஆளு, விசிலும் அவனுது. ராஜாவுக்கு சிகப்பு அட்டை. கோப்பையைத் தூக்கிட்டுப் போனவன் இன்னைக்கு வரைக்கும் திருப்பிக் குடுக்கலை. மைதானம் நம்மது, அதுக்கும் நம்மகிட்டயே வாடகை வாங்கினான்!"

ஸ்டோர்ஸ் பிரிவு விசிலடித்தது. கணக்குப் பிரிவு மறு ஆட்டம் வேண்டும் என்று கூச்சல் போட்டது. அந்தச் சத்தத்துக்கு நடுவில் கதவு திறந்தது. அதிகாரியம்மா நின்றார். பக்கத்தில் பேராசிரியர்.

ஸ்டோர்ஸ் பிரிவுக்காரர்கள் வாயிலிருந்து விரலை எடுத்தார்கள். பேராசிரியர் மேஜையைப் பார்த்தார். அவர் முகத்தில் இருந்த ரத்தமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை.

"யார் இதைத் தொட்டது?"

"ரெண்டாம் பாதி, சார்" என்றாள் கணக்குப் பிரிவு அம்மாள், உதவி செய்வதாக நினைத்து.

"ராஜாவைக் கோட்டை வாசல்ல ஒளிய வச்சிருக்கான்! முதல் வரிசையில நின்ன ராஜாவை!"

சந்தேகத்துக்கு அதுவரை பயம்தான் இருந்தது. இந்தச் சொல் வந்ததும் பயம் போய்விட்டது. "கோலி ஒளியறவன் இல்ல, சார். பத்து பேர் விட்டதை ஒருத்தன் நின்னு தடுக்கணும். தடுக்கலைன்னா அவன் பேரு மட்டும்தான் கெடும். நான் நின்னிருக்கேன், எனக்குத் தெரியும்."

"உனக்கு என்னய்யா தெரியும்? முன்னால ராஜா, அவருக்குப் பின்னால முழங்காலிட்டவங்க, அப்புறம் நிக்கிறவங்க, கடைசியில குதிரை. படிமுறை அணிவகுப்பு! ஓலையிலயும் இல்லை, கல்வெட்டுலயும் இல்லை. இதே மேஜைக்கு முன்னால உக்காந்து உக்காந்து நான் கண்டுபிடிச்சது. உலகமே ஒத்துக்கிட்டது. பிள்ளைங்க பரீட்சைக்குப் படிக்குது!"

அதிகாரியம்மா பேராசிரியரைப் பார்த்தார், சந்தேகத்தைப் பார்த்தார். "பெரியவரே, நான் சொன்னது ஞாபகம் இருக்கா? நாளையிலேர்ந்து வர வேண்டாம்."

கணக்குப் பிரிவும் ஸ்டோர்ஸ் பிரிவும் முதல் தடவையாக ஒன்றுசேர்ந்து, "அநியாயம்!" என்றன. சந்தேகம் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். மனைவி கதவைத் திறக்கும்போது அவள் முகம் எப்படி இருக்கும் என்று ஒரு தடவை நினைத்துப் பார்த்தார். பிறகு நடந்தார்.

அறை வாசலில், வராந்தாவைத் துடைக்கிற அம்மாள் வாளியோடு வழியை மறித்து நின்றிருந்தாள்.

"நில்லுங்கண்ணே, தரை ஈரம்" என்றவள், உள்ளே பார்த்து அதிகாரியம்மாவிடம் சொன்னாள். "அவரை அனுப்பாதீங்கம்மா. அந்த ஈட்டி முதல்ல மாட்டினது என் முந்தானையிலதான், இந்த ஐயா புத்தகம் எழுத வர்றதுக்கு முந்தின வாரம். எல்லாம் சாஞ்சுபோச்சு. எனக்கு என்ன தெரியும்? வீட்டுல பாத்திரம் அடுக்குற மாதிரி சின்னது முன்னால, பெருசு பின்னாலன்னு அடுக்கி வச்சேன். ராஜா பொம்மைதான் இருக்கறதுலயே குள்ளம்."

பேராசிரியர் குனிந்து ராஜாவைப் பார்த்தார். பக்கத்துப் பொம்மைகளைப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து, "பெரியவர் வேலையில இருக்கட்டும். ரெண்டாம் பாதின்னு ஒண்ணு நடந்திருக்க வாய்ப்பு இருக்கு" என்றார்.

சந்தேகம் அந்த அம்மாளை ஏற இறங்கப் பார்த்தார். துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, ஈரத்தைத் தாண்டி, பக்கத்து அறையைக் காவல் பார்க்கக் காலை எட்டிப் போட்டு வராந்தாவில் நடந்தார்.

"பாத்திரம் அடுக்கினாளாம்" என்று அவர் முணுமுணுத்தது அறை வரைக்கும் கேட்டது. "இவ தள்ளிவிட்டதை மட்டும் யாரு கண்டா?"