வழிவிட்டான் வழிவிடாத வாரம்

சக்கரம் வைத்த எதற்கும் கால் வைத்த எதற்கும் அந்த மனுஷர் வழிவிடாமல் இருந்ததே இல்லை. பஸ்ஸுக்கு விடுவார், லாரிக்கு விடுவார், ஆட்டு மந்தைக்கு விடுவார், நடுரோட்டில் நின்று யோசிக்கிற கோழிக்கும் விடுவார். பெற்றவர்கள் வைத்த பெயர் அனுமந்தன்பட்டியில் யாருக்கும் ஞாபகமில்லை. ‘வழிவிட்டான்’ என்று கேட்டால் சின்னப் பிள்ளைகூட வீட்டைக் காட்டும். கல்யாணத்தன்று எதிரே வந்த வேறொரு மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு ஒதுங்கி நின்றதில் முகூர்த்தமே தாண்டிப் போனது என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. நான் அதை நம்புகிறேன்.

அவர் ஜீப் ஓட்டினார். விடியும்போது எங்கள் ஊர்ப் பெண்களை ஏற்றிக்கொண்டு, கம்பம் தாண்டி மலையேறி, கம்பம்மெட்டுக்கு அந்தப் பக்கம் கேரளாவில் உள்ள ஏலத்தோட்டத்தில் காய் எடுக்க இறக்கிவிட வேண்டும். நான் அதே தோட்டத்தின் ஏலக்காய் ஸ்டோரில் கிளார்க். முன் சீட்டு எனக்கு. கூடவே, காய் எடுக்க வருகிற பேச்சியக்காவின் தூக்குச்சட்டியும் என் மடிக்கு.

மலை ரோட்டில் ஏறுகிற வண்டிக்கு இறங்குகிற வண்டி வழிவிட வேண்டும் என்பது எல்லா டிரைவர்களும் ஒத்துக்கொண்ட வழக்கம். வழிவிட்டானுக்கு அது ஒத்துவராது. ஏறும்போதும் ஒதுங்குவார். எதிரே வருகிறவர் “நீ போப்பா” என்று கையைக் காட்டுவார். இவர் “நீங்க வாங்க” என்று காட்டுவார். இந்த மரியாதை முடிவதற்குள் பின்னால் ஒரு ஊர்வலமே சேர்ந்துவிடும். ஒருநாள் தூரத்தில் பஸ் தெரிகிறது என்று ஓரம் கட்டினார். வெகுநேரமாகியும் பஸ் வரவில்லை. இறங்கிப் போய்ப் பார்த்தேன். பஸ் நின்றுகொண்டிருந்தது, டிரைவர் கடையில் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

“அண்ணே, அவரு டீ குடிக்கிறாரு.”

“குடிக்கட்டும் தம்பி. குடிச்சிட்டு இங்கனதான வரணும்?”

செல்போன் அடித்தால் வண்டியை நிறுத்தி, சாவியை எடுத்து, இறங்கித் தள்ளிப் போய்ப் பேசுவார். கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றிலும் ஹாரன் அடித்துவிட்டு, தலையை வெளியே நீட்டி, மறுபக்கம் ஏதாவது வருகிறதா என்று காது கொடுத்துக் கேட்பார். சீட்டுக்கு மேல் ஒரு ஆள் ஏற்ற மாட்டார். வேறு ஜீப்பைத் தவறவிட்டவர்கள் கெஞ்சினாலும் கைகூப்பிவிடுவார். அதைக்கூட வண்டியை ஓரம் கட்டிவிட்டுத்தான் செய்வார்.

இதெல்லாம் எனக்கு வேடிக்கை. பின்னால் உட்கார்ந்திருந்த பெண்களுக்கு அப்படியில்லை. அந்தத் தோட்டத்தில் ஒரு பழக்கம் இருந்தது. எந்த ஜீப் முதலில் வந்து சேருகிறதோ அந்த ஆட்களுக்கு ரோட்டை ஒட்டிய சமதளம். கடைசி ஜீப்புக்கு ஓடைக்குள் இறங்குகிற சரிவு. சரிவென்றால் வழுக்கல், மழைக்காலத்தில் அட்டை. அதனால் மலை ரோட்டில் தினமும் ரேஸ் நடந்தது. வண்டியை ஓட்டியது டிரைவர்கள், விரட்டியது பின் சீட்டு. “ஏலே, அவன முந்துடா!” என்று ஒரு ஜீப் முழுக்கக் கத்தினால் எந்த டிரைவரின் கால்தான் சும்மா இருக்கும்? வழிவிட்டானின் கால் இருந்தது. அதனால் அவர் ஆட்களுக்கு நிரந்தரமாக ஓடை.

ஒரு மழைநாளில் பேச்சியக்கா இரண்டு காலிலும் ரத்தம் வழிய வந்து நின்றாள்.

“யண்ணே, நீ ஊருக்கெல்லாம் வழிவிடுறதுக்கு நாங்க அட்டைக்கு ரத்தம் குடுக்கணுமா?”

அவர் கடிவாயில் தடவச் சுண்ணாம்பை எடுத்து நீட்டினார். மறுநாள் காலையில் அத்தனை பேரும் ‘புயல்’ வண்டிக்கு மாறிவிட்டார்கள். புயல் என்பது கண்ணாடியில் எழுதியிருந்த பெயர், ஓட்டிய இளவட்டத்துக்கும் அதுவே பெயராகிவிட்டது. அவன் ஜீப்பில் ஏற்கெனவே ஆட்கள் இருந்தார்கள். இவர்களும் ஏறியதும் மடிமேல் மடியாக உட்கார்ந்தது போக, பின் கம்பியைப் பிடித்துக்கொண்டு இரண்டு பேர் தொங்கினார்கள்.

நான் மட்டும் மாறவில்லை. விசுவாசமெல்லாம் ஒன்றுமில்லை. மடியில் தூக்குச்சட்டி இல்லை, காலை நீட்டிக்கொள்ளலாம்.

அன்று வழிவிட்டான் காலி ஜீப்போடு மலை அடிவாரத்தில் போய் நின்றுகொண்டார். கம்பம் பக்கமிருந்து புயலின் ஹாரன் கேட்டதும் வண்டியை எடுத்தார். நடுரோட்டில், அவருடைய வழக்கமான வேகத்தில், மலையேற ஆரம்பித்தார். பின்னால் புயல் வந்து ஒட்டிக்கொண்டு அலறியது.

“அண்ணே, வழி கேக்கிறான்.”

“தெரியுது தம்பி.”

“விடலையா?”

“கேக்கட்டும்.”

வேறு யாருடைய வண்டியிலாவது ஏறிவிட்டேனோ என்று ஒரு நிமிஷம் எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. பஸ் வந்தால் ஒதுங்கினார், கோட்டயம் போகிற கார் வந்தால் ஒதுங்கினார். அது கடந்ததும், புயல் மூக்கை நுழைப்பதற்குள் மறுபடி நடுவுக்கு வந்துவிட்டார். இது சுத்தமான தப்பு. போலீஸ்காரர் யாராவது பார்த்திருந்தால் அவரைத்தான் பிடித்திருப்பார். அவருக்கும் அது தெரியும்.

வாரம் முழுக்க இதே கூத்து. தினமும் இரண்டு ஜீப்பும் கடைசி. புயலின் ஆட்கள் எல்லோருக்கும் ஓடை. பின்னாலிருந்து வந்த வசவுகளை எந்தப் பத்திரிகையிலும் அச்சடிக்க முடியாது. சனிக்கிழமை ஒரு வளைவில் மூடுபனிக்காக வழிவிட்டான் நின்று காது கொடுத்தபோது, புயல் இறங்கி ஓடிவந்தான்.

“யோவ், ஒனக்கு என்னதான்யா வேணும்?”

“ஒண்ணும் வேணாம்ப்பா. பின்னாடி ரெண்டு பேரு தொங்கிட்டு வர்றாக. நீ வேகமாத் திருப்புனா அவுக எங்கன போய் விழுவாக, கொஞ்சம் எட்டிப் பாரு.”

அவன் பார்க்கவில்லை. பேச்சியக்கா இறங்கி வந்து பார்த்தாள். ரோட்டு ஓரத்துக்கு அப்பால் பனி மட்டும்தான் தெரிந்தது, அடி தெரியவில்லை. அவளுக்குக் குரல் இறங்கிவிட்டது.

“யண்ணே, நாங்கதேன் ஒன் வண்டிய விட்டுட்டுப் போயிட்டோம்ல. பெறகும் எதுக்கு இந்தப் பாடு படுற?”

“நீங்க விட்டுட்டுப் போனீக, ஆத்தா. நான் எப்ப ஒங்கள விட்டேன்?”

எதிர்ப்பக்கமிருந்து மரத்தடி ஏற்றிய ஒரு லாரி பனிக்குள்ளிருந்து வந்து, வளைவை முழுசாக அடைத்துக்கொண்டு திரும்பி, எங்களைக் கடந்து இறங்கியது. புயல் அதையே பார்த்துக்கொண்டு நின்றான். பேச்சியக்கா சேலையை உதறிச் செருகிக்கொண்டு எங்கள் ஜீப்பின் பின்பக்கம் ஏறினாள்.

“ஏறுங்கடி. டீசல எதுக்கு வீணாக்குறாரு இந்த மனுசன்?” என்றாள். தூக்குச்சட்டி என் மடிக்கு வந்துவிட்டது.

அத்தோடு அவள் விடவில்லை. அன்றைக்கே எல்லா ஜீப்பு ஆட்களையும் கூட்டிக்கொண்டு சூப்பர்வைசர் முன்னால் போய் நின்றாள். “சேட்டா, முந்தி வர்றவளுக்கு ரோட்டோரம், பிந்துனவளுக்கு ஓடைங்கிறத இன்னையோட நிப்பாட்டு. முறை வச்சுக் குடு. எல்லாரும் எல்லாத்துலயும் எறங்குறோம்” என்றாள். அவர் முதலில் முறைத்தார், அப்புறம் ஆட்கள் இறங்காவிட்டால் காய் செடியிலேயே முற்றி வீணாகிவிடும் என்பதை நினைத்து ஒத்துக்கொண்டார். மறு வாரமே மலையில் ரேஸ் அடங்கிவிட்டது. முந்திப் போய் ஆகப்போவது ஒன்றுமில்லை என்று தெரிந்தபிறகு புயல்கூட வளைவில் ஹாரன் அடித்துவிட்டு நிற்கப் பழகினான். போர்டு வைத்தும் அபராதம் போட்டும் நடக்காதது, அட்டைக்கடியைப் பங்கு போட்டதும் நடந்தது.

நான் அந்த வேலையை விட்டு வருஷங்களாகிவிட்டன. இப்போது என் மகள் தினமும் ஸ்கூட்டரில் தேனிக்குக் கல்லூரி போகிறாள். அவள் மெயின் ரோட்டில் திரும்பி மறையும்போதெல்லாம், அவளுக்கு முன்னால் அந்தப் பழைய ஜீப் வழியை மறித்துக்கொண்டு மெதுவாகப் போகக் கூடாதா என்று மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது.