குடைக்கை அபாயாவும் பல்லேபொல ஸில்மியாவும்

இந்த ஹஜ்ஜுப் பெருநாளைக்கு என் மனைவிக்குக் குடைக்கை அபாயா கிடையாது என்று நான் முடிவெடுத்தேன். உறுதியான முடிவு. அவளிடம் மட்டும் இன்னும் சொல்லவில்லை.

அபாயா அங்கிக்கு வைக்கும் குடைக்கை தெரியும்தானே? தோளில் தொடங்கும்போது சட்டைக்கையாகத்தான் இருக்கும். மணிக்கட்டுக்கு வரும்போது கூடாரமாகிவிடும். மாத்தளை டவுனில் இந்த வருஷம் அது இல்லாத பெண்ணே இல்லை, என் மனைவி நிஷ்மியாவைத் தவிர. அவளும் போன வாரமே கடையில் துணியைத் தடவிப் பார்த்து, என்னையும் தடவிப் பார்க்கச் சொல்லிவிட்டாள்.

அப்போதுதான் யூடியூப்பில் அந்தக் கார்ட்டூன் வந்தது. என் கடையில் உட்கார்ந்து பார்த்து நான் சிரித்த சிரிப்பில் மிளகு விற்க வந்தவர் பயந்துபோனார். ஒரு பெண்மணி குடைக்கையோடு கல்யாண வீட்டுக்குப் போகிறாள். ஒரு கை, ஆறு பேர் சுற்றியிருந்து சாப்பிடும் சஹன் தட்டின் சோற்றை அப்படியே வழித்துக்கொண்டு போகிறது. மறு கைக்குள் யாரோ பெற்ற பிள்ளை தூங்குகிறது. திரும்பும்போது காற்றடித்து, ஏறின த்ரீவீலோடு சேர்ந்து மேலே பறக்கிறாள். வரைந்தவனைக் கட்டிப்பிடித்து முத்தம் கொடுக்கலாம், அவ்வளவு அழகு.

வீட்டுக்கு ஓடிப்போய் நிஷ்மியாவிடம் காட்டினேன். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். மூன்று தரம் பார்த்தாள். நான் மனதுக்குள் அல்ஹம்துலில்லாஹ் சொல்லிக்கொண்டேன். நாலாம் தரம் படத்தை நிறுத்திவைத்து, "கை ஓரத்துல லேஸ் வரைஞ்சிருக்காங்க பாத்தீங்களா? இத டெய்லருக்குக் காட்டணும்" என்றாள்.

கீழே கருத்துகளைப் பார்த்தேன். முந்நூறு பேர் புகழ்ந்திருந்தார்கள். எங்கள் மாமியை அப்படியே வரைஞ்சிருக்கீங்க என்று ஒருத்தி. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்ததாக ஒருவர். மீதிப் பேரெல்லாம் அந்தப் பச்சை நிறம் எந்தக் கடையில் இருக்கிறது என்று கேட்டிருந்தார்கள்.

நிஷ்மியா கருத்துகளை ஒன்று விடாமல் வாசிப்பவள். நான் சொன்னால் காதில் ஏறாது. முகம் தெரியாத ஒருத்தி சொன்னால் உடனே ஏறும். ஆகவே புதுக் கணக்குத் திறந்து, பக்கத்து ஊரையும் சேர்த்துப் பல்லேபொல ஸில்மியா என்று பெயர் வைத்து, பெண்ணாக மாறினேன். எங்களில் அக்காவைத் தாத்தா என்போம்; அதையும் மறக்காமல் போட்டேன்.

"அருமையான படம். ஜும்ஆ தொழுதுட்டு வந்து ஆறுதலாப் பாத்தேன். குடைக்கை ஆசை அதோட விட்டுப்போச்சு. தாத்தாமாரே, நீங்களும் விட்டுடுங்க. புருஷன்மாரும் மனுஷங்கதான்."

அடுத்த நாள் அந்தியில் நிஷ்மியா அதைச் சத்தமாக வாசித்தாள். வாசித்துவிட்டு உருகினாள். பல்லேபொலயில் இப்படியொரு தங்கச்சியா, என்ன அறிவு, என்ன பொறுமை என்றாள். என் கால் தரையில் படவில்லை.

"ஆனா பாவங்க அந்தப் புள்ள. ஆசைய அடக்கிக்கிட்டு எழுதியிருக்கா. எனக்கு எடுக்கிறப்ப அவளுக்கும் ஒண்ணு எடுத்துக் குடுப்போம்."

"யாரு எவருன்னு தெரியாதே?"

"தெரியாட்டி என்ன? ஜும்ஆவுக்கே போற பொம்பள. நம்ம பக்கத்துல எங்க கிடைப்பாங்க?"

ஸில்மியாவின் பெயரில் என் வெள்ளிக்கிழமையை எழுதியிருக்கிறேன். எங்கள் பக்கத்தில் ஜும்ஆத் தொழுகைக்குப் போவது ஆண்கள் மட்டும்தான். கல்யாணம் முடித்த நாளிலிருந்து வெள்ளிக்கிழமை தவறாமல் எனக்குத் தொப்பியை எடுத்துக் கொடுத்துவிட்டு, வீட்டில் லுஹர் தொழுகிறவள் இவள். முகத்தைப் பார்த்தேன். சிரிக்கவேயில்லை. கெட்டிக்காரி.

உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் நான் பொம்பளைப் பெயரில் எழுதியது மச்சான் றம்ஸிக்குத் தெரிந்தால், அடுத்த வெள்ளி பள்ளிவாசலில் செருப்புக் கழற்றும் இடத்திலேயே என் மானம் போய்விடும். ஸில்மியா கொடுத்து வைத்தவள் என்று மட்டும் சொல்லிவிட்டு, கூடவே துணிக்கடைக்குப் போனேன்.

நிஷ்மியா தனக்குப் பச்சையை எடுத்து வைத்தாள். பிறகு இன்னும் இரண்டு குடைக்கைகளை விரித்து, கடைக்காரர் பார்த்துக்கொண்டு நிற்க, என் தோளில் ஒவ்வொன்றாகப் போட்டு அளவு பார்த்தாள்.

"வெக்கப்படாமச் சொல்லுங்க தங்கச்சி, உங்களுக்கு ஊதாவா, ரோஸா?"