கொடியில் காய்ந்த முகமூடிகள்

கொடியில் உலர்ந்துகொண்டிருந்த முகமூடிகள் அனைத்தும் காணாமற்போயிருந்தன.

காசநோய் மருத்துவமனையின் தற்காலிக உதவியாளராகிய அரங்கநாதன், தம் மனைவி தைத்துக் கொடுத்த வார்டின் துணி முகமூடிகளைத் தம் வீட்டுப் பழைய நெல் அண்டாவில் அவித்து உலர்த்துவது வழக்கம். அன்றோ கடலூரிலிருந்து அதிகாரி வருகிறார். வார்டில் ஒரு மூக்கு வெளியே தெரிந்தாலும் அரங்கநாதனின் பணி நிரந்தரமாகாது.

"தங்கமணி! கொடியில இருந்த மாஸ்க்கெல்லாம் எங்கடி?"

"காத்துல பறந்திருக்குங்க. அதுக்கு இன்னா இப்போ?"

கோழி ஒன்று காணாமற்போனாலும் தெருவையே ஏசித் தீர்க்கும் அவருடைய மனைவி, அன்று எவரையும் ஏசவில்லை. அதனை வியக்கவும் அவருக்கு நேரமில்லை.

முதலில், வார்டிலிருந்த கட்டுத்துணிச் சுருளை வெட்டி முகமூடிகள் தைத்தார். டாக்டர் வந்தார்.

"காயத்துக்குக் கட்டுற துணி எங்கய்யா?"

"எல்லார் வாயிலயும் இருக்குங்க."

பிரித்துக் கொடுக்க நேர்ந்தது.

அடுத்து, தம் கல்யாண வேட்டியைத் துண்டாக்கினார். நோயாளி அம்மாசி அதனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அவனுக்கு மட்டும் சரிகை வெச்சது. நான் இன்னா இளிச்சவாயனா?"

உடனே வார்டு முழுவதும் சரிகை கேட்டது. இழுபறியில் வேட்டி கந்தலாயிற்று. இருமல் இரு மடங்காயிற்று.

இறுதியில், கள்ளக்குறிச்சிக்குச் சென்று முகமூடிகள் கேட்டு வாங்கி வரச் சைக்கிளில் புறப்பட்டார்.

வடக்கனந்தலைத் தாண்டியதும் ஒரு புளியமரம் சாலையின் குறுக்கே வெட்டிப் போடப்பட்டிருந்தது. இடஒதுக்கீடு கேட்டு மறியல். முழக்கமிட்ட இளைஞர்கள், போலீசார் அடையாளம் காணாதவாறு முகத்தை மூடியிருந்தனர். வெள்ளைத் துணி. நான்கு நாடாக்கள். தங்கமணியின் தையல்!

பிடுங்கலாமெனில் அவர்கள் கையில் கோடரி இருந்தது. ஆயினும் ஒருவனுடைய மூக்கைக் கண்டதும், வார்டுப் பழக்கம் அச்சத்தை வென்றது.

"தம்பி, மூக்கு வெளிய இருக்குது பாரு. இப்படிக் கட்டுனா அது மாஸ்க்கு இல்ல, தாவாக்கட்டைக்குச் சட்டை!"

"இன்னாண்ணே, மறியல் பண்ற எடத்துல வந்து..."

"பேசாத. கீழ் நாடாவ பிடரியில கட்டணும். குனி!"

ஒருவர் பின் ஒருவராக மறியலே குனிந்தது. கடைசி நாடாவை முடிச்சிட்டபொழுது, மரத்துக்கு அப்பால் ஜீப்பிலிருந்து ஒருவர் இறங்கி நிற்பதைக் கண்டார். அதிகாரி!

"யார்யா நீ?"

"காசநோய் வார்டு உதவியாளருங்க."

"வார்டுக்குள்ளயே எவனும் மூக்க மூட மாட்டேங்கிறான். நீ மறியல்லயே மூட வெச்சிருக்கியே! இதுக்கு மேல அங்க வந்து இன்னா பாக்கறது? மரம் வேற குறுக்க கெடக்குது. உன்ன நிரந்தரம் பண்ணச் சொல்லி எழுதிடறேன், போ."

ஜீப் திரும்பியது. அரங்கநாதன் கண்களைத் துடைத்துக்கொண்டார். அதன் பின்னரே அவருக்குக் கோபம் நினைவுக்கு வந்தது.

"எவன்டா என் வூட்டுக் கொடியில கை வெச்சது?"

கோடரியை முதுகுக்குப் பின்னால் மறைத்தவாறு ஒரு முகமூடி முன்னே வந்தது.

"நாங்க கை வெக்கல மாமா, நான்தான் கந்தசாமி. போலீசு புடிச்சிக்கினு போய்டும்னு அக்காதான் ஆளுக்கொண்ணு குடுத்துச்சு. நீங்க கேட்டா, காத்து மேல பழியப் போட்டுடறேன்னு சொல்லுச்சு."