ஒரு லோடு குப்பை

ஊரில் ஒரு பிளாஸ்டிக் கவர்கூட இல்லை என்று தெரிந்ததும் பஞ்சநதத்துக்குப் பயம் பிடித்துக்கொண்டது.

நாளைக் காலையில் கலெக்டர் வருகிறார். "குப்பை விஷயமா வர்றாங்க" என்று மட்டும் ஒன்றிய ஆபீஸிலிருந்து போன். குப்பை விஷயம் என்றால் வேறென்ன, ஊராட்சிக்கு வந்திருக்கும் மெஷின்தான். பிளாஸ்டிக்கைத் தின்று, தார் ரோட்டில் கலப்பதற்குத் துருவலாகத் துப்பும். அதை ஓட்டவும் ஊரில் பிளாஸ்டிக்கை ஒழிக்கவும் கிடைத்த தற்காலிக வேலைக்காகத்தான் அவன் திருப்பூரை விட்டு ஊர் திரும்பியிருந்தான். சும்மா நிற்கும் மெஷினை வலங்கைமானுக்குத் தூக்கிப் போகப்போகிறார்கள் என்று பேச்சு. போனால் அவனுக்கு மறுபடியும் திருப்பூர். வீட்டில் மனைவி எழில்மொழி நிறைமாதம்.

ஜாஃபர் சாதிக்கின் மளிகைக் கடையில் போய் நின்றான்.

"பாய், பழைய கவர் ஏதாச்சும் கிடக்கா?"

"வேவு பாக்க வந்தியா? கவர் வச்சா கடையப் பூட்டிருவேன்னு கத்துனது நீதானே. இப்ப கருவாடு வாங்கக்கூடத் தூக்குவாளியோட வர்றானுவ."

"ஒரு கிலோ இருந்தாப் போதும் பாய்."

"புது பிளாஸ்டிக் பக்கெட்டு இருக்கு. அரைக்கிறியா?"

ஊராட்சித் தலைவர் சாவித்திரியிடம் போனான்.

"வீடு வீடா மிரட்டி ஒழிச்சியே, கொஞ்சம் மிச்சம் வச்சிருக்கக் கூடாதா பஞ்சநதம்?" என்றார் அவர்.

கடைசியில் குட்டியானை வண்டி ஓட்டும் ஷேக் பரீத் கைகொடுத்தான்.

"திருத்துறைப்பூண்டி மண்டபத்துல இன்னைக்குத்தான் எங்க சொந்தத்துல கல்யாணம் மாப்ள. குப்பை மலையாக் கிடக்கு. கேட்டா கும்பிட்டுக் குடுப்பாங்க."

மறுநாள் காலையில் லோடு வந்தது. மேலே தார்ப்பாய் இல்லை. ஆடிக் காற்று விடுமா? ஊர் எல்லையிலேயே கவர்கள் பறந்து குறுவைப் பயிரின் மேல் உட்கார்ந்தன. பிரியாணி எலும்புக்கு நாய்கள் பின்னாலேயே ஓடிவந்தன. தண்ணீர் பாட்டில்கள் உருண்டுபோய் வாய்க்கால் மதகை அடைக்க, தண்ணீர் ரோட்டுக்கு ஏறியது.

"என்னடா இது?" என்றான் பஞ்சநதம்.

"நீதானடா கேட்ட."

அதற்குள் தூரத்தில் கார் சத்தம். அவசரத்தில் மொத்த லோடையும் மெஷின் முன்னால் கவிழ்த்தார்கள். அள்ளிப் போட்டதில் வாழை இலை சுற்றி மெஷின் நின்றுவிட்டது. பஞ்சநதம் இலையைப் பிடுங்கி எறிந்துவிட்டு, சுத்தமான பிளாஸ்டிக்குக்காகக் கடைக்கு ஓடினான்.

"பாய், அந்த பக்கெட்டக் குடுங்க."

கலெக்டர் சேற்றில் கால் வைத்து இறங்கியபோது மெஷின் பக்கெட்டைக் கடகடவென்று மென்றுகொண்டிருந்தது.

"ஜோரா ஓடுது மேடம்," என்றான், மூச்சு வாங்க.

அவர் மூக்கைப் பொத்திக்கொண்டு தெருவைப் பார்த்தார். வயலைப் பார்த்தார். புடவையில் வந்து ஒட்டிய பேப்பர் பிளேட்டைப் பார்த்தார். திரும்பிப் போய்க் காரில் ஏறிக்கொண்டார். வரவேற்க நின்றிருந்த சாவித்திரி தலையில் அடித்துக்கொண்டார்.

டிரைவர் ஒரு சால்வையையும் மாலையையும் திரும்ப டிக்கியில் வைத்துக்கொண்டிருந்தார். பஞ்சநதம் அவரிடம் ஓடினான்.

"அண்ணே, மெஷினு ஓடுனத மேடம் பாத்தாங்கல்ல? இனிமே தூக்கிட்டுப் போகமாட்டாங்கல்ல?"

"மெஷினப் பாக்க யாருண்ணே வந்தா? ஊரக் குப்பையே இல்லாம ஆக்குனவருக்குச் சால்வை போட்டு, நிரந்தர வேலைக்கு ஆர்டர் குடுக்க வந்தாங்க," என்றபடி டிரைவர் டிக்கியைச் சாத்தினார். "ஆமா, யாருண்ணே அந்தப் பஞ்சநதம்?"