ஓட்டத் தெரியாதவன் வீட்டு ஸ்போர்ட்ஸ் கார்

அன்பில் எப்போதும் குறையாத, பொறுமையில் மட்டும் குறைந்த மைத்துனத் தம்பிக்கு, உன் அத்தான் எழுதுவது.

நான் சுகம் என்று எழுதித் தொடங்குவதுதான் முறை. முழங்காலையும் சர்க்கரையையும் விட்டுவிட்டுப் பார்த்தால் சுகம்தான். நீயும் உன் மனைவியும் பிள்ளைகளும் நன்றாக இருக்க வேண்டும் என்பதே என் விருப்பம். போன வாரம் நீ போனில் கத்திய பிறகும் அந்த விருப்பத்தில் மாற்றமில்லை. போனில் நாம் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசுகிறோம். கடிதத்தில் நான் மட்டும் பேசலாம். அதனால் எழுதுகிறேன்.

விஷயம் கார். "அந்த மாடலைக் கம்பெனிக்காரன் மறுபடி கொண்டு வர்றான் அத்தான், பழைய வண்டியை ஒழுங்கா வச்சுக்கணும், என்கிட்ட குடுத்துடுங்க. ஓட்டத் தெரியாத உங்களுக்கு எதுக்கு ஸ்போர்ட்ஸ் கார்?" என்று கேட்டாய். நாற்பது வருஷம் அச்சகத்தில் பிழை திருத்தியவன் சொல்கிறேன், உன் கேள்வியில் ஒரு பிழையும் இல்லை. ஆனாலும் தர மாட்டேன். எக்ஸ்ரே அறையில் பகலெல்லாம் இருட்டில் நிற்கிறேன், சாயங்காலமாவது மேலே கூரை இல்லாமல் போக வேண்டும் என்று சொல்லி உன் அக்கா வாங்கிய கார் அது. இருபத்து மூன்று வருஷம் அவள் ஓட்டினாள், நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். நீயே அதில்தான் ஓட்டக் கற்றுக்கொண்டாய், மறுக்கவில்லை. அவள் போய் ஒரு வருஷமும் நாலு மாதமும் ஆகிறது. கார் என் பொறுப்பில் நன்றாகவே இருக்கிறது. எவ்வளவு நன்றாக என்று நீ புரிந்துகொள்வதற்காக நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

முதலில் மெக்கானிக் வந்து பார்த்தார். "சும்மா நிறுத்தி வச்சா எல்லாம் இறுகிப் போயிரும் சார், வாரம் ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணிப் பத்து நிமிஷம் ஓட விடுங்க" என்றார். ஓட விடுவது என்றால் இன்ஜினைத்தான், காரை அல்ல என்பதை அவர் இன்னும் தெளிவாகச் சொல்லியிருக்கலாம். ஞாயிற்றுக்கிழமை காலை குளித்துவிட்டுப் போய்ச் சாவியைத் திருகினேன். வண்டி கியரில் இருந்திருக்கிறது. அது எனக்கு எப்படித் தெரியும்? ஒரே எகிறு. மாடி வீட்டு டீச்சரம்மா துணி காயப்போட்டிருந்த கொடி, அதைத் தாங்கிய இரண்டு கம்பம், ஒரு பூந்தொட்டி. பெரிய சேதமில்லை. காருக்கு மேலே ஒரு போர்வை விழுந்ததால் பெயிண்டில் கீறல்கூட இல்லை. அன்றைக்கு மெக்கானிக் எனக்குக் கிளட்ச் என்ற மிதியைக் காட்டினார். "எதைத் தொடறதுக்கு முன்னாடியும் இதை அமுக்கிக்குங்க சார்." அதிலிருந்து நான் அதை மறந்ததே இல்லை. அப்புறம் ஆயில் ஒழுக ஆரம்பித்தது. கீழே தட்டு வைத்தேன். அந்தத் தட்டில் பக்கத்து வீட்டுப் பூனை இறங்கிவிட்டு மாடிப்படி பூரா நடந்து, டீச்சரம்மா வீட்டு மெத்தை வரைக்கும் போயிருக்கிறது. அந்த அம்மா இப்போது என்னிடம் பேசுவதில்லை. பூனையும் பேசுவதில்லை. ஆனால் வாரம் தவறாமல் பத்து நிமிஷம் இன்ஜின் ஓடுகிறது. நான் பக்கத்து சீட்டில் உட்கார்ந்துகொள்கிறேன். கண்ணை மூடிக்கொண்டால் சிக்னலில் நிற்கிற மாதிரியே இருக்கும்.

மெக்கானிக்தான் என்னைப் பழைய கார்க்காரர்கள் கூடும் இடத்துக்கு அழைத்துக்கொண்டு போனார். மேஜை நாற்காலி விற்கிற ஒரு கடையின் பார்க்கிங்கில் மாதம் ஒரு ஞாயிறு கூடுகிறார்கள். வண்டியை அவர் ஓட்டுவார், நான் பக்கத்தில் வருவேன். டிரைவர் வைத்துக்கொண்டு ஸ்போர்ட்ஸ் காரில் வருகிற ஆள் உலகத்திலேயே நான் ஒருவன்தானாம், ஒரே சிரிப்பு. கண்ணில் ஆபரேஷன் என்று சொல்லி வைத்தேன். அந்தக் கூட்டத்துக்குத் தலைவர் ஒரு பல் டாக்டர். நல்ல மனிதர், என்ன, பேசும்போது நம் கண்ணைப் பார்க்காமல் வாயைப் பார்ப்பார். அன்றைக்கு முழுக்கப் புது மாடலைப் பற்றித்தான் சண்டை. அது பேட்டரியில் ஓடுமாம், பழைய இன்ஜின் சத்தத்தைப் பதிவு செய்து ஸ்பீக்கரில் விடுமாம். "அதே மூஞ்சி, அதே பேரு, உள்ளதான் வேற. இது வண்டியா? பல்செட்டு!" என்றார் டாக்டர். கப்பலில் சமையல் செய்து ரிட்டயரான ஒருத்தர், "பல்செட்டோ பல்லோ, கடிக்க முடியுதா இல்லையா, அதைச் சொல்லுங்க. உங்க வண்டியைத் தள்ளித் தள்ளி எனக்கு இடுப்பு போச்சு" என்றார். இரண்டு பேரும் அடுத்த கூட்டம் வரை பேசிக்கொள்ளவில்லை. எனக்கு அந்த இடம் பிடித்திருந்தது தம்பி. பழுதான ஒன்றைப் பற்றி மணிக்கணக்கில் பேசினாலும் அங்கே யாரும் பேச்சை மாற்றுவதில்லை.

போன வியாழக்கிழமை புது மாடலின் அறிமுக விழா. ஷோரூம்காரர்கள் புதியதுக்குப் பக்கத்தில் நிறுத்த ஒரு பழைய வண்டி கேட்டார்கள். எங்கள் கூட்டத்தில் அந்த மாடல் என்னிடம் மட்டும்தான் இருக்கிறது. உன் அக்கா வண்டி மேடை ஏறப் போகிறது என்றதும் எனக்கு நாலு நாள் தூக்கமில்லை, மூன்று தடவை பாலிஷ் போட்டேன். காலையில் மெக்கானிக் வண்டியை ஷோரூம் வாசலில் விட்டுவிட்டு, வைத்தியரிடம் முதுகைக் காட்டப் போய்விட்டார். உள்ளே புகை கூடாதாம், இன்ஜினைப் போடாமல் சரிவில் தள்ளித்தான் ஏற்ற வேண்டுமாம். "ஸ்டியரிங்ல யாராவது உக்காரணுமே" என்றார்கள். "ஓனர் இருக்கும்போது வேற யாரு? கண்ணுதான் சரியாயிருச்சே" என்றார் பல் டாக்டர். உட்கார்ந்தேன். வேறென்ன செய்ய? உன் அக்காவின் உயரத்துக்கு வைத்த சீட், மெக்கானிக்கைக்கூட நகர்த்த விட்டதில்லை, என் முழங்கால் ஸ்டியரிங்கை இடித்தது. எட்டுப் பேர் தள்ளினார்கள். வண்டி மேலே ஏறியது, சமதளம் வந்தது, நிற்கவில்லை. "பிரேக்! சார், பிரேக்!" என்று கத்துகிறார்கள். நான் கிளட்சை அமுக்கினேன். உயிரைக் கொடுத்து அமுக்கினேன். எனக்குத் தெரிந்த மிதி அது ஒன்றுதானே?

துணி போட்டு மூடி வைத்திருந்த புதுக் காரின் மூக்கில் போய் இடித்தது. முட்டை ஓடு உடைகிற மாதிரி ஒரு சத்தம், அவ்வளவுதான். துணி தானாக நழுவி விழுந்தது. இதுதான் திறப்பு விழா என்று நினைத்துக் கூட்டம் கை தட்டியது, போட்டோ எடுத்தார்கள். நம் வண்டிக்கு ஒன்றும் இல்லை, பம்பரைத் துடைத்தால் போதும். ஆனால் இடித்த அதிர்ச்சியில் அந்தப் புதுக் காருக்கு எங்கேயோ முழிப்பு வந்து ஸ்பீக்கரில் சத்தம் போட ஆரம்பித்தது. தம்பி, அது அதே சத்தம். உன் அக்கா வேலை முடிந்து வந்து, கேட்டுக்கு வெளியே நின்று ஒரு தடவை உறும விடுவாளே, அதே சத்தம். ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

மேனேஜர் ஓடி வந்தார். "பெரியவரே, பிரேக் எங்க இருக்குன்னு தெரியாதா உங்களுக்கு?"

"தெரியாது."

"அப்ப இந்த வண்டியை யாரு ஓட்டுறது?"

"என் மனைவி."

"முதல்ல அவங்களைக் கூப்பிடுங்க."

நான் இறங்கி நின்று கூட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்தேன். எதற்குப் பார்த்தேன் என்று கேட்காதே. பல் டாக்டர் வந்து என் தோளில் கை வைத்தார். "சார், கண் ஆபரேஷன் பொய்யின்னு எங்க எல்லாருக்கும் தெரியும். வண்டிகிட்ட வந்தா நீங்க நேரா பக்கத்து சீட்டு கதவுக்குத்தான் போவீங்க. உக்காருங்கன்னு நான் சொல்லியிருக்கக் கூடாது. நிறுத்த மட்டுமாவது தெரியும்னு நினைச்சுட்டேன்" என்றார். அப்புறம் அவரே மேனேஜரைத் தனியாக அழைத்துப் போய்ப் பேசினார். திரும்பி வந்த மேனேஜர் எனக்கு ஒரு நாற்காலி போட்டு, குடிக்கத் தண்ணீர் கொடுத்தார். அது திட்டியதைவிட மோசமாக இருந்தது.

இதிலிருந்து உனக்குத் தெரிந்திருக்கும், கார் என் கையில் பத்திரமாக இருக்கிறது. ஆகவே நீ கேட்பது நடக்காது, இதைப் பற்றி இனிமேல் போனிலும் பேச வேண்டாம். வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல்லவும். பிள்ளைகள் நல்ல ஆரோக்கியத்தோடும், உன் பிடிவாதம் ஒட்டாமலும் வளர வேண்டும் என்று வாழ்த்துகிறேன்.

கார் தவிர மற்ற எல்லா விஷயங்களிலும் உன் நன்மையை நினைக்கும்,
அத்தான்.

பின்குறிப்பு: இதை ஒட்டி வைத்து இரண்டு நாள் ஆகிறது. இன்றைக்கு மெக்கானிக் ஷோரூமிலிருந்து வண்டியைக் கொண்டு வந்து விட்டார். போகும்போது வாசலில் நின்று, "கோவிச்சுக்காதீங்க சார், நீங்க வண்டியைக் காப்பாத்தலை. படுக்கையில போட்டு மூச்சை மட்டும் ஓட விட்டுட்டு இருக்கீங்க. ஓட்ட ஆள் இருந்தா குடுத்துடுங்க" என்றார். இதே வார்த்தைகளை, கொஞ்சம் நாகரிகமாக, ஆஸ்பத்திரியில் உன் அக்காவின் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு டாக்டர் ஏற்கெனவே என்னிடம் சொல்லியிருக்கிறார். அப்போது மெஷினை எடுக்கக் கையெழுத்துப் போடச் சொல்லி நீ என் பக்கத்தில் நின்றாய். நான் எட்டு நாள் தாமதித்தேன். அந்த எட்டு நாள் அவளுக்கு எப்படி இருந்திருக்கும் என்று இன்றுவரை நினைக்கிறேன்.

மேலே எழுதியதை எல்லாம் அடித்துவிட்டதாக நினைத்துக்கொள். வந்து எடுத்துக்கொண்டு போ. லாரியில் ஏற்றாதே, ஓட்டிக்கொண்டு போ. மூன்றாவது கியர் முரண்டு பிடிக்கும், திட்டாதே. உன் அக்கா "வாடா, வாடா ராஜா" என்றுதான் சொல்வாள், உடனே விழும். கொஞ்ச தூரத்துக்கு நானும் வருகிறேன். எங்கே இறக்கி விட்டாலும் சரி, பஸ் பிடித்துத் திரும்பிவிடுவேன்.