ரயில் பெட்டியின் மறுபக்கம்

மந்தைவெளி,
திங்கட்கிழமை.

அன்புள்ள மதுமதிக்கு, உன் மதினி சண்முகவடிவு எழுதுவது.

நீயும் உன் வீட்டுக்காரர் முருகன் அண்ணனும் குழந்தை ஷ்ரேயாவும் சுகமாக இருக்கக் கழுகுமலையான் துணை இருக்கட்டும். எங்கள் சுகத்தை நீ கேட்கப் போவதில்லை, அதனால் அதை எழுதவில்லை. போன் செய்தால் எடுக்க மாட்டேன் என்கிறாய், வாட்ஸ்அப்பில் என்னையும் உன் அண்ணனையும் சேர்த்து பிளாக் செய்துவிட்டாய், வேறு வழியில்லாமல் பேனாவைத் தேடிப் பிடித்து எழுதி கூரியரில் அனுப்புகிறேன். கிழித்துப் போடுவதென்றால் படித்துவிட்டுக் கிழி.

காது குத்துகிற அன்று தாய்மாமன் மடி இல்லாமல் போனது தப்பு. ஆசாரி வந்து உட்கார்ந்து, காபி குடித்துவிட்டு எழுந்து போனது தப்பு. நீ சபையில் கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றாய் என்று கேள்விப்பட்டு எனக்கு வயிறு எரிந்தது. எல்லாம் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தி.நகர் கடையில் வியாபாரம் தலைக்கு மேல் இருந்ததால்தான் அண்ணன் வரவில்லை என்று யாரோ உன்னிடம் சொன்னார்களாமே, அதை மட்டும் நம்பாதே. உன் அண்ணன் பாத்திரக் கடையில் வியாபாரம் பார்த்து ஒரு வருஷம் ஆகிறது.

கம்ப்யூட்டரில் ரயில் ஓட்டுகிற விளையாட்டு ஒன்று இருக்கிறது. விளையாட்டு என்று சொன்னால் உன் அண்ணனுக்குக் கோபம் வரும், சிமுலேட்டர் என்று சொல்ல வேண்டும். உலகம் பூராவும் பெரிய மனிதர்கள் வீட்டில் உட்கார்ந்தபடியே ரயில் ஓட்டுகிறார்களாம். அவர்கள் ஓட்டுவதற்கு நம்மூர் நீலப் பெட்டியைச் செய்து கொடுக்கிறேன் என்று இவராகப் போய் ஏற்றுக்கொண்டார், யாரும் கேட்கவில்லை. பெட்டியின் பழைய வரைபடம் ஒன்று எங்கிருந்தோ கிடைத்தது. முன்னாலிருந்து பார்த்தால் எப்படி, பக்கவாட்டில் எப்படி, மேலேயிருந்து எப்படி என்று தட்டையாக மூன்று படம். அதைக் கோடு கோடாக அளந்து கம்ப்யூட்டரில் முழுப் பெட்டியாக எழுப்ப வேண்டும். கல்லாவில் உட்கார்ந்து இதைத்தான் செய்கிறார். போன மாதம் ஓர் அம்மாள் இட்லிப் பானை கேட்டு நின்றிருக்கிறாள், இவர் பானையை வாங்கி உருட்டி உருட்டிப் பார்த்துவிட்டு, இந்த வளைவுதான் கூரைக்குச் சரியா வரும் என்று சொல்லி அதை உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டார். அந்த அம்மாள் எதிர்க்கடையில் வாங்கிக்கொண்டு போனாள்.

சரி, ஏதோ செய்கிறார், சீட்டாடாமல் குடிக்காமல் இருக்கிறாரே என்று நானும் விட்டேன். அப்புறம் அந்த ஜெர்மனிக்காரர் வந்து சேர்ந்தார். எப்போதோ நம் நாட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போனவராம். இவர் செய்த பெட்டியை ஓட்டிப் பார்த்துவிட்டு, கழிவறைக் குவளைக்குச் சங்கிலி இல்லையே என்று எழுதினார். பாத்திரக் கடைக்காரனாக இருந்தும் எவர்சில்வர் குவளையில் கோட்டை விட்டுவிட்டேனே என்று உன் அண்ணன் இடிந்துபோய்விட்டார். சங்கிலியை ஒவ்வொரு கண்ணியாகச் செய்தார். அதை முடித்ததும் ஜெர்மனிக்காரர் அடுத்ததை எழுதினார்: பெட்டிக்கு அடியில் பேட்டரி ஒரு பக்கம்தான் தொங்கும், நீங்கள் இரண்டு பக்கமும் தொங்க விட்டிருக்கிறீர்கள். வரைபடத்தில் ஒரு பக்கம்தான் இருந்ததாம். மறுபக்கமும் அப்படியேதான் இருக்கும் என்று இவர் திருப்பிப் போட்டுவிட்டாராம். கட்டின பெண்டாட்டிக்கு உடம்பு சரியில்லை என்றால் திரும்பிப் பார்க்காத மனுஷன், பெட்டியின் மறுபக்கம் தெரியவில்லையே என்று சாப்பாட்டைத் தட்டிலேயே வைத்துவிட்டு எழுந்து போனார்.

இந்த நிலைமையில்தான் உன் வீட்டு விசேஷம் வந்தது. கோவில்பட்டிக்கு எத்தனையோ நல்ல வண்டி ஓடுகிறது. நீலப் பெட்டி மாட்டின வண்டியாகத் தேடி, ஊரெல்லாம் நின்று நின்று போகிற பகல் வண்டியில் டிக்கெட் போட்டார். எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும். எழும்பூரில் ஆட்டோவை விட்டு இறங்கும்போதே கழுத்தில் டேப்பைத் தொங்கவிட்டிருந்தார். ஆட்டோக்காரர் என்னிடம், “இன்னாம்மா, சாரு ரயிலுக்குச் சட்டை தைக்கப் போறாரா?” என்று கேட்டார். நான் சீர்த் தட்டுகளை எண்ணுகிற மாதிரி குனிந்துகொண்டேன். குழந்தையின் தங்கக் கம்மல் இவர் சட்டைப்பையில் இருந்தது. பத்திரமாக இருக்கட்டும் என்று நான்தான் கொடுத்தேன், என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

விழுப்புரத்தில் வண்டி நின்றது. தண்ணீர் பாட்டில் வாங்கி வருகிறேன் என்று லேப்டாப் பையையும் மாட்டிக்கொண்டு இறங்கியவர், மேம்பாலத்தில் ஏறி எதிர்ப் பிளாட்பாரத்துக்குப் போய்விட்டார். அங்கே நின்றால்தானே பெட்டியின் மறுபக்கம் தெரியும். ஜன்னல் வழியாகப் பார்க்கிறேன், போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். சிக்னல் விழுந்துவிட்டது. நான் பதறிப்போய் வாங்க, வாங்க என்று கையை ஆட்டினேன். அவரும் ஆட்டினார். எதற்குத் தெரியுமா? தள்ளி உட்கார், படத்தில் ஜன்னலை மறைக்கிறாய் என்று. வண்டி கிளம்பிவிட்டது.

அடுத்து விருத்தாசலத்தில் சீர்த் தட்டு, பட்டுப் பாவாடை, பழக்கூடை எல்லாவற்றையும் இறக்கிக்கொண்டு நான் ஒண்டியாக நின்றேன். போன் செய்தால், “அடுத்த வண்டியில வந்துக்கிட்டே இருக்கேன், வடிவு” என்றார். வரவில்லை. கேட்டால், பிளாட்பாரத்தில் டேப்போடும் வரைபடத்தோடும் பெட்டியின் அடிப்பக்கத்தைப் படம் எடுக்கிற ஆளை ஒரு ரயில்வே போலீஸ்காரர் கூட்டிக்கொண்டு போயிருக்கிறார். அவர் மேல் குற்றம் சொல்ல மாட்டேன், நானாக இருந்தாலும் பிடித்திருப்பேன். இவர் லேப்டாப்பைத் திறந்து விளக்கியிருக்கிறார். அவரும் நல்ல மனுஷன், சந்தேகம் தீர்ந்து போகச் சொல்லிவிட்டார். போகிற மனுஷனிடம், “நம்ம விழுப்புரம் வருமா சார் இதுல?” என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கிறார், அவ்வளவுதான். “இருங்க, கூட்டிட்டுப் போறேன்” என்று உன் அண்ணன் உட்கார்ந்து, எழும்பூரிலிருந்து அவருக்கு வண்டி ஓட்டிக் காட்டியிருக்கிறார். கம்ப்யூட்டர் வண்டி திண்டிவனம் தாண்டும்போது நிஜ வண்டி இவர் முதுகுக்குப் பின்னால் வந்து நின்று போயும் போய்விட்டது. அதற்குப் பிறகு விடுமுறைக் கூட்டம், ரயிலிலும் பஸ்ஸிலும் தொங்கக்கூட இடமில்லை. தாய்மாமனும் இல்லாமல் கம்மலும் இல்லாமல் வெறும் தட்டோடு நான் மட்டும் வந்து நின்றால் உன் புகுந்த வீட்டார் என்ன பேசியிருப்பார்கள் என்று நீயே சொல்லு. திரும்பி வந்துவிட்டேன்.

இப்போது முருகன் அண்ணன் சொல்லியனுப்பியிருக்கிறார், வருகிற ஞாயிறு முகூர்த்தம், அன்றைக்கும் மாமன் வரவில்லையென்றால் உங்கள் பெரியப்பா மகன் நெல்லையப்பன் மடியில் குழந்தையை உட்கார வைத்துக் குத்திவிடுவோம் என்று. அதைக் கேட்டதிலிருந்து உன் அண்ணன் லேப்டாப்பைத் தொடவில்லை. தினமும் கடைக்குப் போகும்போது அந்தக் கம்மலைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போகிறார், ராத்திரி எடுத்துச் சாமி படத்தடியில் வைக்கிறார். திட்டலாம் என்று வாயைத் திறந்தால் எனக்கு அழுகை வருகிறது, மதுமதி. கூடப்பிறந்தவள் ஒரே ஒருத்தி, அவள் பிள்ளைக்குத் தன் மடி இல்லையென்றால் அந்த மனுஷன் தாங்க மாட்டார்.

அதனால் நான் பொறுப்பு. லேப்டாப்பை பீரோவில் வைத்துப் பூட்டிச் சாவியை இடுப்பில் சொருகியிருக்கிறேன். ரயில் கியில் எதுவும் கிடையாது, சனிக்கிழமையே பஸ்ஸில் உன் அண்ணனைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்து உன் வாசலில் விடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை வானமே இடிந்து விழுந்தாலும் அந்த மடி அங்கே இருக்கும்.

முருகன் அண்ணனுக்கு என் வணக்கம். ஷ்ரேயாவுக்கு இரண்டு கன்னத்திலும் முத்தம். நீ தீர்க்காயுசோடு இரு, கோபத்தை மட்டும் குறைத்துக்கொள்.

இப்படிக்கு,
உன் மதினி,
வடிவு.

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது அந்த விழுப்புரம் போலீஸ்காரர் போன் செய்தார். அவர் ஊர்ப்பக்கம் ஒருவர் பழைய நீலப் பெட்டியை விலைக்கு வாங்கி ஹோட்டல் வைக்கப் போகிறாராம். காலி மனையில் தனியாக நிற்கிறது, நாலு பக்கமும் சுற்றி வரலாம், அடியில் படுத்துக்கூடப் பார்க்கலாம், வண்டி கிளம்பிவிடும் என்ற பயமில்லை. உள்ளே எல்லாவற்றையும் பிடுங்கிப் போடுவதற்கு முன்னால் வருகிற ஞாயிறு ஒரு நாள்தான் பார்க்க விடுவாராம். போனை எடுத்தது நான். வருகிறோம் என்று சொன்னதும் நான்தான், உன் அண்ணனுக்கு இன்னும் தெரியாது. ஆகையால் முகூர்த்தத்தை அடுத்த வாரத்துக்குத் தள்ளி வை, குழந்தையின் காது எங்கேயும் போய்விடாது. நெல்லையப்பன் மடியில் மட்டும் உட்கார வைத்துவிடாதே. அண்ணன் மட்டும் விழுப்புரம் போகட்டுமே, நீங்கள் எதற்கு மதினி என்று கேட்பாய். டேப்பின் இன்னொரு முனையை யார் பிடிப்பது?